பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு இல்லை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரையில், செயற்கைக்கோள் படத்தை மென்பொருளில் வகைப்படுத்தி நான் தயாரித்த நில வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றேன். கண்மாய் இருக்கவேண்டிய இடம் முழுக்கக் கரும்பச்சை, அதாவது 'அடர்ந்த மரங்கள்'. கூட வந்த பெரியவர், கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சி, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல கண்மா எங்கன இருக்கு?" என்றார். "இந்தப் பச்சைதான் ஐயா." "அது கருவேலு. நான் கண்மாயக் கேட்டேன்."

மென்பொருள் மேல் பழி போட முடியாது, தப்பு என்னுடையது. மேகம் இல்லாத படம் வேண்டும் என்று மே மாதப் படம் ஒன்றே ஒன்றை எடுத்து வேலையை முடித்திருந்தேன். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்பும் நாட்களில் மேகம் மூடியிருக்கும், வானம் வெளுத்துப் படம் பளிச்சென்று கிடைக்கும் கோடையில் தண்ணீர் வற்றிப்போயிருக்கும்.

செயற்கைக்கோளுக்கு மரமும் தெரியாது கண்மாயும் தெரியாது, எந்த ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி வீசும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் எல்லோரும் சொல்லும் என்டிவிஐ (NDVI), பச்சையை அளக்கும் எண். ஊரே காய்ந்து கிடக்கும் மே மாதத்தில் ஆழ வேர்விட்ட சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும், எண்ணும் உயரும், வகைப்படுத்தச் சொன்னால் மென்பொருள் 'மரம்' என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி வயலாகத் தெரிவதும், மலையின் காலை நிழல் தண்ணீராகத் தெரிவதும் இதே கதைதான்.

மேலே என்ன போர்த்தியிருக்கிறது என்பது நிலப்போர்வை, அந்த நிலம் எதற்கானது என்பது நிலப்பயன்பாடு. வற்றிய கண்மாயின் போர்வை கருவேலமாக இருக்கலாம், ஆனால் பயன்பாட்டில் அது கண்மாய்தான், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டிலும் கண்மாய்தான். இந்த வித்தியாசம் புரியாமல்தான் 'காட்டுப் பரப்பு கூடிவிட்டது' என்ற செய்தியைப் பார்த்துச் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் கணக்கில் 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்குமேல் மரக்கவிகை (மேலிருந்து பார்த்தால் மரத்தலைகள் மூடிய பரப்பு) இருந்தால் அது வனப்போர்வை. நிலம் யாருடையது, மாந்தோப்பா தைலமரமா என்ற கேள்வியே அங்கே இல்லை. கணக்கு தப்பில்லை, அதைக் 'காடு' என்று படிக்கிறோமே, அதுதான் தப்பு.

சரி, அந்த வரைபடத்தை எப்படித் திருத்தினேன்? ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர், இரண்டு கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை வருகின்றன. ஜனவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று எடுத்து க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் அடுக்கினேன். மழைக்காலத்தில் பச்சையாகவும் கோடையில் வெறுமையாகவும் இருந்தால் மானாவாரி நெல், இரண்டிலும் பச்சை என்றால் பெரும்பாலும் கருவேலம், ஜனவரியில் தண்ணீரும் மே மாதத்தில் வெடித்த மண்ணும் என்றால் கண்மாய் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் பகுதி. மேகம் விடவே இல்லையென்றால் சென்டினல்-1 ரேடார் இருக்கிறது, அது மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், அசையாத தண்ணீரைக் கறுப்பாகக் காட்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பரப்பளவைக் கணக்கிடும்முன் யூடிஎம் (UTM) மண்டலத்தை, அதாவது உலகைச் செங்குத்துப் பட்டைகளாகப் பிரித்துக் கொடுத்த எண்ணை, பாருங்கள். மதுரை 44, கோவை 43. மாற்றிப் போட்டுவிட்டு அலைந்திருக்கிறேன்.

'95 சதவீதத் துல்லியம்' என்று அறிக்கையில் பார்த்தால் உடனே நம்பிவிடாதீர்கள். சோதித்த 100 புள்ளிகளில் கண்மாய் 5தான், அந்த ஐந்தும் தப்பு, மற்றதெல்லாம் சரி என்றாலும் 95 வரும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக எத்தனை சரி என்று கேளுங்கள்.

வாங்கப்போகும் மனை கண்மாய்க்குள் இருக்கிறதா என்று பார்க்க இதெல்லாம்கூட வேண்டாம். கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, மேலே இருக்கும் கடிகாரக் குறியை அழுத்தி, பழைய படங்களை வருஷவாரியாக நகர்த்திப் பாருங்கள், குறிப்பாக நல்ல மழை பெய்த வருஷத்தின் டிசம்பர், ஜனவரி. படத்தின் தேதியைக் கவனிக்க வேண்டும், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளே வேறு வேறு நாளில் எடுத்தவையாக இருக்கும். படம் பத்திரம் ஆகாது. சந்தேகம் வந்தால் சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டைப் பாருங்கள்.

திருத்திய வரைபடத்தோடு மறுபடியும் அதே ஊருக்குப் போனேன். பெரியவர் தாளை வாங்கவே இல்லை. கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எதுவரை வரும் என்று நடந்தே காட்டினார், நான் ஜிபிஎஸ் கருவியோடு பின்னால் நடந்தேன். சாயங்காலம் அந்தக் கோட்டை ஜனவரிப் படத்தின்மேல் போட்டுப் பார்த்தால் மூன்று பக்கம் ஏறக்குறைய பொருந்தியது. வடக்கே மட்டும் அவர் நடந்த கோடு தண்ணீரை விட்டு வெகுதூரம் தள்ளிப் போயிருந்தது. அங்கேதான் வழியில் வெள்ளையடித்த மனைக்கற்களைத் தாண்டி நடந்திருந்தோம்.