மல்டிஹோம்டு: பல்லகக் கணினி

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் மல்டிஹோம்டு என்று சொல்லும்போது, பெரும்பாலும் இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள கணினியைத்தான் நினைக்கிறார்கள். கேபிளும் செருகி வைஃபையும் இணைத்த மடிக்கணினி அப்படிப்பட்டதுதான். விபிஎன் போட்டால் கணக்கில் இன்னொரு இடைமுகம், அதாவது நெட்வொர்க்கோடு இணையும் வாசல், சேரும். ஆனால் 1989 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1122 (இணையத்தின் விதிமுறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசையில் ஒன்று) கார்டுகளை எண்ணவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி முகவரி உள்ள கணினி மல்டிஹோம்டு, அவ்வளவுதான். ஒரே கார்டுக்கு இரண்டு முகவரி கொடுத்தாலும் அது இந்த வரையறைக்குள் வந்துவிடும்.

ஹோம் என்பது பழைய ஆங்கிலத்தின் 'ஹாம்', அதாவது ஊர், குடியிருப்பு. தொலைபேசித் துறையில் ஓர் இணைப்பகம் எந்த மேல்நிலை இணைப்பகத்தைச் சார்ந்திருக்கிறதோ, அதில் அது 'ஹோம்' ஆகிறது என்று சொல்வதுண்டு. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டுக்காக 1983இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 878இலும் மல்டிஹோமிங் வருகிறது. அங்கே ஒரே பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட்டுகளை (கணினியைச் செருகும் இடங்களை) குறிக்கலாம் என்பதுதான் பொருள். ஆறு ஆண்டுகளில் பொருள் தலைகீழாகிவிட்டது: முன்பு பெயர் ஒன்று, வாசல் பல, பின்பு கணினி ஒன்று, முகவரி பல.

சரி, இப்படிப்பட்ட கணினி எந்த வழியாகப் பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பும்? மெட்ரிக் (வழிகளுக்கான முன்னுரிமை எண்) குறைந்த இடைமுகம் வழியாக என்பது வழக்கமான பதில். அது பாதிதான் சரி. வழி அட்டவணையில் சேருமிடத்துக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் வரி எது என்றுதான் முதலில் பார்க்கப்படும். 10.0.0.0/24 (10.0.0 என்று தொடங்கும் முகவரிகள்) வைஃபை பக்கம் என்று எழுதியிருந்தால், 10.0.0.5க்கு அனுப்புவது வைஃபையில்தான் போகும், கேபிளின் மெட்ரிக் எவ்வளவு குறைவாக இருந்தாலும். ஒரே அளவு பொருந்தும் வரிகள் இரண்டு இருந்தால்தான் மெட்ரிக்குக்கு வேலை. இரண்டு டீஃபால்ட் வழிகள் (வேறு எந்த வரியும் பொருந்தாதபோது போகும் வழிகள்) இருக்கும்போது நடப்பது அதுதான். லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 போடும். விண்டோஸ் இணைப்பின் வேகத்தை வைத்துத் தானே கணக்கிடும். தோற்ற டீஃபால்ட் வழி சும்மா இருக்கும். இரண்டையும் கூட்டி வேகம் கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

உண்மையான குழப்பம் வேறிடத்தில். முகவரி யாருடையது? கணினியுடையதா, இடைமுகத்துடையதா? 1122 இரண்டு விடைகளையும் அனுமதித்து, ஸ்ட்ராங், வீக் என்று பெயர் வைத்தது. வலிமை, பலவீனம் என்று தமிழில் எழுதினால் ஒன்று குறையுள்ளது போலத் தோன்றும். கண்டிப்பு முறை, தளர்வு முறை என்பது பொருத்தமாக இருக்கும். கண்டிப்பு முறையில் முகவரி இடைமுகத்தோடு கட்டப்பட்டது. அந்த முகவரிக்கு வருவது அந்த இடைமுகத்தில்தான் வர வேண்டும், அதிலிருந்து போவதும் அதன் வழியாகத்தான். தளர்வு முறையில் முகவரி மொத்தக் கணினிக்கும் சொந்தம், எதன் வழியாக வந்தாலும் ஏற்கும். விஸ்டா முதலான விண்டோஸ் இயல்பாகவே கண்டிப்பு, லினக்ஸ் தளர்வு. லினக்ஸின் தாராளம் எவ்வளவு என்றால், இரண்டு கார்டும் ஒரே சுவிட்சில் இருந்தால் ஒன்றின் முகவரியைத் தேடும் ஏஆர்பி கேள்விக்கு (இந்த ஐபி முகவரி எந்தக் கார்டுடையது என்ற கேள்விக்கு) மற்றொன்றும் பதில் சொல்லும்.

ஒரு லினக்ஸ் கணினி. கேபிளில் 192.168.1.20, மெட்ரிக் 100. வைஃபையில் 10.0.0.7, மெட்ரிக் 600. வைஃபை ரவுட்டருக்கு அப்பால் உள்ள 172.16.5.9 என்ற கணினி, 10.0.0.7ஐ பிங் செய்கிறது. பாக்கெட் வைஃபையில் வந்து சேர்கிறது. பதில் போக வேண்டிய 172.16.5.9க்குத் தனி வழி எதுவும் இல்லை, ஆகவே டீஃபால்ட், ஆகவே கேபிள். 10.0.0.7 என்ற அனுப்புநர் முகவரியோடு தன் பக்கம் வந்த பாக்கெட்டைக் கேபிள் பக்க ரவுட்டர் தூக்கிப் போட்டுவிடலாம். பாக்கெட் சரியான பக்கத்திலிருந்து வந்ததா என்று பார்க்கும் லினக்ஸ் அமைப்பான ஆர்பி ஃபில்டர் 1இல் இருந்தால் அதற்கு முன்பே கதை முடிந்துவிடும்: பதில் போகும் வழியும் பாக்கெட் வந்த வழியும் ஒன்றாக இல்லாததால் லினக்ஸின் மையமான கெர்னலே அதைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைப் போட்டுப் பார்த்தால் பாக்கெட் வருவது தெரியும், பதில் மட்டும் இருக்காது. ஃபயர்வாலைத் திட்டத் தொடங்குவது இங்கேதான். இதே பிங்குக்கு விண்டோஸ் வைஃபை வழியாகவே பதில் தரும்.

லினக்ஸில் இதற்குத் தீர்வு ஐபி ரூல் என்ற கட்டளை. 10.0.0.7 என்ற முகவரியிலிருந்து கிளம்புவது 100ஆம் எண் அட்டவணையைப் பார்க்கட்டும் என்று ஒரு விதி, அந்த அட்டவணையில் வைஃபை ரவுட்டரை நோக்கி ஒரு டீஃபால்ட் வழி. ஆர்பி ஃபில்டரின் தேடலும் இதே விதி வழியாகத்தான் போகும் என்பதால் அதுவும் சமாதானமாகிவிடும்.

இனி தமிழ்ச் சொல். பல்லிடைமுகக் கணினி என்றால் கார்டை எண்ணிவிடுகிறோம், வரையறை அப்படிச் சொல்லவில்லை. 1122க்குப் பன்முகவரிக் கணினி பொருந்துகிறது. ஆனால் அவசரமாகப் படித்தால் பன்முக வரி, ஏதோ புது வரிவிதிப்பு! அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் இரண்டு இணையச் சேவையாளர்களிடம் இணைப்பு வாங்கி, தன் ஒரே முகவரித் தொகுதியை பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளை அறிவிக்கும் நெறிமுறை) மூலம் இருவர் வழியாகவும் அறிவித்தால் அதையும் மல்டிஹோமிங் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே முகவரிகள் பல அல்ல, வழிகள்தான் பல. பல்லகம் என்றால் இரண்டுக்கும் ஒத்துவரும்: பல்லகக் கணினி, பல்லக வலையமைப்பு. முகவரி கணினிக்கா இடைமுகத்துக்கா என்ற கேள்வியில் ஆங்கிலச் சொல் பக்கம் சாயவில்லை, அகமும் சாயவில்லை. பல்லக்கு என்று படித்துவிடுகிறவர்களுக்கு முதல் முறை மட்டும் பக்கத்தில் மல்டிஹோம்டு என்றும் எழுதிவிடலாம்.