முதல் பட்டதாரி சலுகை: கலந்தாய்வில் சேர்ந்தால் மட்டும்

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு சில தனியார் பொறியியல் கல்லூரிகளின் ஆட்கள் ஊர் ஊராக இறங்கிவிடுகிறார்கள். "இப்போதே முன்பணம் கட்டுங்கள், சீட் உறுதி. ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகையையும் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடங்களில், அதாவது நிர்வாக ஒதுக்கீட்டில், சேரும் மாணவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இதைச் சொல்லும் ஆளுக்கு அது நன்றாகவே தெரியும். வீட்டில் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்திராத பெற்றோருக்குத்தான் தெரியாது. கையில் இருக்கும் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். சலுகை இல்லை என்பது செப்டம்பரில் கட்டண ரசீது வரும்போதுதான் புரிகிறது.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் முதல் தலைமுறைப் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை, அரசே நடத்தி இடம் ஒதுக்கும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு (கவுன்சிலிங்) வழியே அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேருபவர்களுக்கு மட்டுமே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. கலந்தாய்வுக்கு வெளியே தாங்களே மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இல்லை. அதே கல்லூரி, அதே வகுப்பறை, அதே பெஞ்சு என்றாலும், எந்த வழியாக உள்ளே வந்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சலுகை.

இந்தச் சலுகை 2010-11 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. மு. கருணாநிதி அப்போது முதல்வர். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலான தொழிற்படிப்புகளில் சேரும் மாணவரின் குடும்பத்தில் அதுவரை பட்டதாரியே இல்லை என்றால், கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்பதுதான் திட்டம். இதற்குச் சாதி வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. "நாங்கள் எஃப்.சி. (முற்பட்ட வகுப்பு), எங்களுக்குக் கிடைக்காது" என்றோ "அப்பாவின் வருமானம் கொஞ்சம் கூடிவிட்டது" என்றோ ஒதுங்கிவிடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஒதுங்கத் தேவையில்லை. குடும்பத்தில் பட்டதாரி உண்டா இல்லையா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

குடும்பம் என்றால் யார் யார்? தந்தை, தாய், உடன்பிறந்தவர்கள், தந்தை வழித் தாத்தா பாட்டி, தாய் வழித் தாத்தா பாட்டி. இவர்களில் ஒருவர் பட்டம் பெற்றிருந்தாலும் சலுகை கிடையாது. பெரியப்பா, சித்தி, தாய்மாமன் ஆகியோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மாமா பி.ஏ. படித்திருக்கிறார் என்பதற்காக விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை என்பதையும் மனத்தில் வையுங்கள். அக்கா இந்தச் சலுகையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பி.எஸ்சி. முடித்திருந்தால், அவர் இந்தச் சலுகையைத் தொடாமலே படித்திருந்தாலும் தம்பி முதல் பட்டதாரி ஆகமாட்டான். இந்த விதி எனக்கு உடன்பாடில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படித்து முடித்த அக்காவால் குடும்பத்தின் பொருளாதாரம் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

எவ்வளவு பணம்?

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சேருவது அங்கேதான். 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த கணக்கின்படி, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், தரச்சான்று இல்லாத பிரிவுக்கு 50,000 ரூபாய். முதல் பட்டதாரிக்கு இதில் 25,000 ரூபாயை அரசு கல்லூரிக்குக் கொடுத்துவிடும். மாணவர் கட்ட வேண்டியது 30,000 அல்லது 25,000. அதே குழு நிர்வாக ஒதுக்கீட்டுக்கு விதித்தது 87,000 மற்றும் 85,000 ரூபாய்.

கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். தரச்சான்று பெற்ற பிரிவில் கலந்தாய்வு வழியே முதல் பட்டதாரியாகச் சேர்ந்தவர் நான்கு ஆண்டுகளுக்குக் கட்டுவது 1,20,000 ரூபாய். அதே பிரிவில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் கட்டுவது 3,48,000 ரூபாய். இடையில் 2,28,000 ரூபாய் வித்தியாசம். நன்கொடை என்று தனியாகப் பிடுங்கினால் அது வேறு கணக்கு. கலந்தாய்வு முடியும்வரை சில வாரங்கள் பொறுமையாகக் காத்திருப்பதற்குக் கிடைக்கும் கூலி இது. "கவுன்சிலிங்கில் நல்ல காலேஜ் கிடைக்காது" என்று பயமுறுத்துபவரிடம், முன்பணம் வாங்கும் அந்தக் கல்லூரியும் கலந்தாய்வுப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணமே குறைவு. அது தள்ளுபடியானால் தேர்வுக் கட்டணம் போன்ற சில்லறைத் தொகைகள்தாம் மிஞ்சும். எந்தக் கல்லூரியானாலும் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே. விடுதி, உணவு, கல்லூரிப் பேருந்து, சீருடை எதுவும் இதில் வராது. சில இடங்களில் பேருந்துக் கட்டணமே கல்விக் கட்டணத்தை எட்டிவிடுகிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அரசுப் பேருந்து போகும் வழியில் இருக்கிறதா என்று பார்ப்பது கௌரவக் குறைச்சல் அல்ல.

சான்றிதழ்

முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். சேவைக் கட்டணம் 60 ரூபாய். குடிமக்கள் கணக்கு எண், அதாவது கேன் எண், ஏற்கெனவே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மையத்திலேயே பதிந்து தருவார்கள். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவற்றோடு, குடும்பத்தில் படித்தவர்கள் அனைவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கேட்பார்கள். இந்த இடத்தில்தான் பலருக்குச் சிக்கல். எட்டாம் வகுப்போடு நின்ற அப்பாவின் டி.சி. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொலைந்திருக்கும். அவர் படித்த பள்ளிக்கே போய், சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு சான்று எழுதி வாங்குவதே நேர்வழி. அந்தப் பள்ளி இருக்கும் ஊருக்குப் போய்வரவும் தலைமை ஆசிரியரைச் சந்திக்கவும் நாள் பிடிக்கும். அதனால்தான் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையிலேயே இந்த வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் இருவரின் விசாரணையையும் கடந்து மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போகும். அவர் ஒப்புதல் அளித்ததும் மின்னணுக் கையொப்பத்தோடு சான்றிதழ் வந்துவிடும். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைக் கவனியுங்கள். ஏதாவது ஆவணம் குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள், நாம் அது தெரியாமல் காத்திருப்போம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றையும் அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். ஆவணங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தில் முதல் பட்டதாரி சலுகை வேண்டுமா என்ற கேள்வி வரும். அங்கே 'ஆம்' என்று குறித்து, சான்றிதழையும், மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் பதிவேற்ற வேண்டும். சான்றிதழ் கையில் இருந்தும் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று தட்டிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பிரௌசிங் சென்டர்காரர் அவசரத்தில் நிரப்பித் தரும் விண்ணப்பத்தை ஒருமுறை நீங்களே படித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். உறுதிமொழியில் பொய் சொல்லிச் சலுகை பெற்றால் பிறகு பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும், நடவடிக்கையும் வரும்.

இதைவிடப் பெரிய சலுகை உங்களுக்கு இருக்கலாம்

முதல் பட்டதாரி சலுகையை மட்டும் பிடித்துக்கொண்டு, அதைவிட மேலானதை விட்டுவிடக் கூடாது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதற்குத் தகுதியுடையவர்கள். அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இது இல்லை. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அப்புறம் அங்கே 25,000 ரூபாய்ச் சலுகைக்கு வேலையே இல்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆதிதிராவிட மாணவருக்கான இந்தத் தொகையில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு. 2021-22 முதல் அது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கில் பணம் ஏறியதைக் கண்டு வீட்டில் மகிழ்ச்சி பொங்கும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூரை ஒழுகலுக்கும் பழைய கடனுக்கும் அது போய்விட்டால், கடைசிப் பருவத்தில் சான்றிதழைத் தராமல் கல்லூரி இழுத்தடிக்கும்.

இவற்றோடு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கட்டண விலக்கு இடங்கள் என்று 5 விழுக்காடு கூடுதல் இடங்கள் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு. நல்ல கட்-ஆஃப் வைத்திருப்பவர்கள் இதையும் கலந்தாய்வு விண்ணப்பத்தில் குறித்து வைப்பது நல்லது.

கலை, அறிவியல் கல்லூரியில் சேருபவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை பொருந்தாது, அது தொழிற்படிப்புக்கு உரியது. தமிழ்நாட்டில் முதல் தலைமுறை மாணவர்கள் பெருமளவில் சேர்வது அரசுக் கலைக் கல்லூரிகளில்தான் என்பதால் இந்த ஏமாற்றம் அடிக்கடி நேர்கிறது. அவர்களுக்குக் கைகொடுப்பது மாதம் 1,000 ரூபாய் தரும் இரண்டு திட்டங்கள். மாணவியருக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தையே உயர்கல்விக்கு மாற்றி அமைத்தார்கள். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்கள் இப்போது தகுதியுடையவர்கள். பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு, ஐ.டி.ஐ. எதுவானாலும் சரி, அஞ்சல் வழிக் கல்வி மட்டும் கூடாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு

சலுகை பெற்றுச் சேர்ந்தவர்களைப் பாதியில் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் வருகைப்பதிவும், தேறாமல் நிற்கும் பாடங்களான அரியரும்தான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் பருவத் தேர்வு எழுத முடியாது. மருத்துவக் காரணம் போன்றவை இருந்தால் 65 விழுக்காடு வரை விலக்கு கேட்கலாம், சான்று வேண்டும். அறுவடைக்கு ஊருக்குப் போவது, அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாதபோது கடையைப் பார்த்துக்கொள்வது, இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் தூங்கிவிடுவது ஆகியவற்றுக்கு விலக்கு கிடையாது. பள்ளியில் "லீவு லெட்டர்" கொடுத்துச் சமாளித்த பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு மாதமும் வருகை விழுக்காட்டைப் பாருங்கள்.

அதே பல்கலைக்கழக விதிமுறைகள், ஒவ்வொரு மாணவருக்கும் படிப்புக் காலம் முழுவதும் வழிகாட்ட ஓர் ஆசிரியரை ஆலோசகராக நியமிக்கச் சொல்கின்றன. பல கல்லூரிகளில் அவர் வருகை குறைந்தால் அப்பாவுக்கு போன் செய்பவராக மட்டும் இருக்கிறார். ஆனாலும் அவரிடம் போய்ப் பேசுங்கள். கணிதத்தில் பின்தங்குகிறேன், ஆங்கிலத்தில் நடத்துவது புரியவில்லை, பேருந்துக்குப் பணமில்லை என்று முதல் பருவத்திலேயே சொன்னால் செய்ய வழி இருக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு முதல் இரண்டு பருவங்கள் கடினம்தான். அது அறிவுக் குறை இல்லை, மொழி பழகும் காலம். முதல் பருவத்தில் விழுந்த அரியரை அடுத்த பருவத்திலேயே எழுதித் தீர்த்துவிடுவது நல்லது, மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளினால் வளாக நேர்காணலில் உட்காரவே விடமாட்டார்கள்.

சில கல்லூரிகள், "அரசிடமிருந்து பணம் இன்னும் வரவில்லை, முழுக் கட்டணத்தையும் நீங்களே கட்டிவிடுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று கேட்கின்றன. கட்டத் தேவையில்லை. அரசு கொடுக்க வேண்டிய தொகைக்கும் மாணவருக்கும் சம்பந்தமில்லை. எழுத்தில் கேளுங்கள் என்று சொன்னாலே பல அலுவலகங்கள் பின்வாங்கிவிடும். அப்படியும் வற்புறுத்தினால், ஒதுக்கீட்டு ஆணையின் நகலையும் கேட்கப்பட்ட தொகையின் விவரத்தையும் வைத்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு எழுதுங்கள். தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்பு உதவி எண் 1100இலும் புகார் பதியலாம். பதிந்ததும் தரும் மனு எண்ணைக் குறித்து வையுங்கள், அடுத்த முறை அழைக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.