முடிவு தெரிஞ்ச கதைக்கு ஏன் கண்ணு கலங்குது?

"உண்மைக் கதைப் படம், யாரு பொழைப்பாங்க யாரு சாவாங்கன்னு முன்னாடியே படிச்சுட்டுதான் போறேன், அப்படியும் தொண்டை அடைக்குது, எப்படிங்க?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு.

"நிஜமா நடந்ததாச்சே, அதான்"னு எல்லாரும் சொல்ற பதில் பாதிதான் சரி. 2000ல கிரீன், பிராக்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரே கதையைச் சிலர்கிட்ட நிஜம்னும் சிலர்கிட்ட கற்பனைன்னும் சொல்லிப் படிக்கக் கொடுத்தாங்க. ரெண்டு கூட்டமும் கதைக்குள்ள ஒரே அளவுக்குத்தான் மூழ்கிச்சு. அப்போ வேற ஏதோ ஒண்ணு வேலை பாக்குது.

அது என்னன்னு புரிய ஒரு சாக்லேட் கதைக்குப் போகணும். 1983ல விம்மர், பெர்னர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் சின்னப் பசங்களுக்கு ஒரு கதை சொன்னாங்க: மேக்சிங்கிற பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில வச்சுட்டு வெளிய விளையாடப் போறான், அவன் இல்லாத நேரத்துல அம்மா அதை எடுத்து வேற அலமாரியில வச்சுடறாங்க, திரும்பி வந்த மேக்சி எங்க தேடுவான்? மூணு வயசுக் குழந்தை புது அலமாரியைக் காட்டும், ஏன்னா அதுக்குத் தெரிஞ்சது மேக்சிக்கும் தெரியும்னு நினைக்குது. நாலு அஞ்சு வயசு ஆக ஆகத்தான் "அய்யோ, அவன் பழைய இடத்துலதானே பாப்பான்"னு புரிய ஆரம்பிக்குது. அந்த "அய்யோ"வைக் கவனிங்க, நம்ம அழுகையே அதுலதான் இருக்கு. (அலமாரி, சாக்லேட்டுக்கெல்லாம் ஆராய்ச்சிக் காசான்னு கேக்கறவங்க இன்னைக்கும் இருக்காங்க. இந்த மாதிரி அடிப்படை ஆராய்ச்சிக்குக் கொடுத்த காசு வீண் போனதா எனக்குத் தோணல.)

அடுத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னு ஊகிக்கறதுக்குன்னே மூளையில ஓரிடம் மும்முரமா வேலை செய்யுது, வலது காதுக்கு மேல கொஞ்சம் பின்பக்கம். 2003ல ரெபெக்கா சாக்ஸ், நான்சி கான்விஷர் ரெண்டு பேரும் ஸ்கேன்ல இதைப் பாத்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க வச்ச ஒப்பீடுதான். ஒரு கதையில மனுஷன் தப்பா நினைச்சுட்டு இருக்கான், இன்னொண்ணுல பழைய போட்டோ ஒண்ணு இப்போ இல்லாத நிலைமையைக் காட்டுது. கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுமே நடப்புக்கு ஒத்துவராத தகவல். ஆனா போட்டோவுக்கு அந்த இடம் பெருசா அலட்டிக்கல, மனுஷனோட தப்பான நெனப்புன்னா சுறுசுறுப்பாயிடுது.

இப்போ அப்பல்லோ 13 படத்தை எடுத்துக்கங்க, நிலாவுக்குக் கிளம்பி நடுவழியில விபத்துல மாட்டின விண்கலத்தோட உண்மைக் கதை. கென் மேட்டிங்லிங்கிற விண்வெளி வீரரை ஜெர்மன் தட்டம்மை வந்துடுமோன்னு பயந்து கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நிறுத்திடறாங்க, மனுஷன் நொறுங்கிப் போயிடறாரு. நமக்கோ 1970 ஏப்ரல் 13 அன்னிக்கு அந்த விண்கலத்துல ஆக்சிஜன் டேங்க் வெடிக்கப் போறது தெரியும். மூளை ரெண்டு நோட்டு போட்டு எழுதுது, ஒண்ணுல நமக்குத் தெரிஞ்சது, இன்னொண்ணுல அவருக்குத் தெரிஞ்சது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் வலிக்குது. கற்பனைக் கதையில இந்த இடைவெளியை டைரக்டர் மெனக்கெட்டு உண்டாக்கணும், உண்மைக் கதையில வரலாறே அதைச் சும்மா கொடுத்துடுது. பாத்திரம் வளருதுன்னு நாம சொல்றதும் பெரும்பாலும் அவரு நோட்டு ஒவ்வொரு வரியா நம்ம நோட்டை நெருங்கி வர்றதுதான்னு நான் நினைக்கிறேன். (மேட்டிங்லிக்குக் கடைசி வரைக்கும் தட்டம்மை வரவே இல்ல, 1972ல அப்பல்லோ 16ல நிலாவுக்குப் போயிட்டு வந்தாரு.)

சரி, முடிவு தெரிஞ்சும் பதட்டம் ஏன்? ரிச்சர்ட் கெரிக்ங்கிற உளவியல் ஆய்வாளர் 1989ல ஒரு சோதனை பண்ணாரு. ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்க அதிபராவாரா மாட்டாரான்னு சந்தேகப்பட வைக்கிற மாதிரி ஒரு குட்டிக் கதையைப் படிக்க வச்சுட்டு, "வாஷிங்டன்தான் முதல் அதிபர், சரியா?"ன்னு கேட்டாரு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம், ஆனா பதில் சொல்ல வழக்கத்தை விட நேரம் எடுத்துச்சு. கதை ஓடற நேரத்துல தெரிஞ்ச உண்மை கூட உடனே கைக்கு வர்றதில்ல போல.

அப்போ "நிஜம்"ங்கிறதுக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. 2008ல அன்னா ஆப்ரஹாம் குழுவினர் ஜார்ஜ் புஷ் வர்ற சூழ்நிலையையும் சிண்ட்ரெல்லா வர்ற சூழ்நிலையையும் கொடுத்து மூளையை ஸ்கேன் பண்ணாங்க. நிஜ மனுஷன்னா நம்ம சொந்த நினைவுகளோட சம்பந்தப்பட்ட பகுதிகள் கூடுதலா வேலை செஞ்சுச்சு. படம் முடியறப்ப நிஜ ஆளோட போட்டோ வந்ததும் தியேட்டர்ல யாரும் எழுந்திரிக்காம உக்காந்திருக்காங்களே, அதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு நான் ஊகிக்கிறேன். அதுவரைக்கும் ஒரு நடிகருக்காகப் போட்ட கணக்கு, அந்த நிமிஷத்துல ஒரு நிஜப் பேருக்கு மாறிடுது.

மோசமான வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் நம்மை அசைக்காததுக்குக் காரணமும் இங்கயே இருக்கு. ஹீரோ பத்து வயசுலயே வானத்தைப் பாத்து "ஒருநாள் உலகமே என்னைப் பேசும்"னு வசனம் விடுவாரு. நம்ம நோட்டை அவரு ஏற்கனவே எட்டிப் பாத்துட்டாரு, அப்புறம் எந்த மேக்சிக்காக நாம "அய்யோ"ங்கிறது?