மல்பெரிக்குப் பக்கத்தில் பி.டி. அடிக்கிறவர்கள் கவனத்துக்கு

"பாக்டீரியா மருந்துதானுங்க, இயற்கை, ஒண்ணும் பண்ணாதுங்க." பி.டி. என்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவில் செய்த புழுக்கொல்லியைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறார்கள். உடுமலை, கோபி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளுக்குப் போகிற வேலையில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. போன வாரமும் அதேதான். ஐந்தாம் பருவப் புழு, இலைச் செலவில் பெரும்பங்கை முழுங்கிவிட்டுக் கூடு கட்டப் போகிற நேரம், திடீரென்று இரை எடுக்காமல் தலையைத் தூக்கி நடுங்கி, துவண்டு அடுக்கடுக்காகச் செத்துக் கிடந்தது. பக்கத்து மக்காச்சோளக் காட்டில் படைப்புழுவுக்குப் பி.டி. அடித்திருக்கிறார்கள், காற்று மல்பெரிப் பக்கம், அந்த இலைதான் பட்டுப்புழுவுக்கு இரை.

மாட்டுக்கும் மனுசனுக்கும் ஒன்றும் ஆகாது என்பது சரி. நம் வயிற்றில் அமிலம். அந்த நச்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. ஆனால் படைப்புழுவும் பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுக்கள், இரண்டின் குடலிலும் காரம். பாக்டீரியாவின் நச்சுப் படிகம் அந்தக் காரத்தில்தான் கரையும், கரைந்ததும் குடல் சுவரில் ஓட்டை போடும். எது பூச்சி, எது உங்கள் பிழைப்பு என்று அதற்குத் தெரியாதுங்க. இன்னொன்றும் சொல்கிறேன், இந்தப் பாக்டீரியாவை முதன்முதலில் கண்டதே செத்த பட்டுப்புழுவில்தான், 1901-ல் ஜப்பானில், இஷிவாட்டா என்பவர். ஜெர்மனியில் பெர்லினர் அதை மாவு அந்துப்பூச்சியின் புழுவில் பார்த்தது அதற்கு அப்புறம், 1911-ல். நூறு வருசத்துக்கு மேலாகத் தெரிந்த விசயத்தை மருந்துக் கடையில் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம்.

மக்காச்சோளத்துக்குப் பி.டி. அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நல்ல மருந்துதான். காற்று அடங்கிய சாயங்காலமாகப் பார்த்து அடியுங்கள், வெயில் பட்டால் மருந்தும் வீணாகும். மறுநாள் புழு உயிரோடு இருக்கிறதே என்று திரும்ப அடிக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே அது தின்பதை நிறுத்தியிருக்கும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். முக்கியமாக, பக்கத்துத் தோட்டத்தில் மல்பெரி இருந்தால் முந்தின நாளே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அவர் தேவையான இலையை முன்கூட்டியே வெட்டிக்கொள்வார்.

புழு வளர்க்கிறவர்களுக்கு: பி.டி. அடித்த தெளிப்பானை மல்பெரிக்கு எடுக்கவே கூடாது, கழுவிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். சந்தேகமான இலையை முதலில் பத்துப் பதினைந்து புழுவுக்கு மட்டும் தனியாகப் போட்டு ஒரு நாள் பாருங்கள். செத்த புழுவை எருக்குழியில் கொட்டவேண்டாம், அந்த எரு திரும்ப மல்பெரிக்குத்தானே போகும்? எரித்துவிடுங்கள். மனை காலியானதும் 2 சதவீத பிளீச்சிங் பவுடரை 0.3 சதவீத நீற்றுச் சுண்ணாம்புக் கரைசலில் கலந்து தட்டு, தரை, சுவர் எல்லாம் நனையத் தெளியுங்கள், பாக்டீரியாவின் வித்து சாதாரணக் கழுவலுக்கெல்லாம் போகாது. புழு தலையைத் தூக்கிக்கொண்டு தின்னாமல் நின்றால் அந்த இலையை உடனே எடுத்துப் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.