ஒரே தூரம், வேறு வேறு அலை: கொக்கோஸ், இந்தோனேசியா, எழுவான்கரை

வரைபடத்தில், 2004 டிசம்பர் 26 பூமியதிர்ச்சியின் மையத்தில் கவராயத்தின் கூரை ஊன்றுங்கள். பென்சிலை இலங்கையின் எழுவான்கரையில், அதாவது வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கிழக்குக் கரையில், மட்டக்களப்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஆரை ஏறக்குறைய 1,650 கிலோமீற்றர் வரும். அந்த வட்டம் தெற்கே இறங்கும் இடத்தில், இன்னும் கொஞ்சம் தள்ளி, நடுக்கடலில் ஒரு பொட்டு இருக்கும். அதுதான் கொக்கோஸ் தீவுகள். பூமியதிர்ச்சி மையத்திலிருந்து அவற்றுக்கு 1,700 கிலோமீற்றர் சொச்சம்.

ஒரே கடல், ஒரே பூமியதிர்ச்சி, கிட்டத்தட்ட ஒரே தூரம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பில் நாவலடி கிட்டத்தட்ட துடைத்தெடுக்கப்பட்டது. கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சரிந்தது. கொக்கோஸில் இருந்த அலைமானி பதிந்ததோ, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறக்குறைய அரை மீற்றர். இத்தனைக்கும் அந்தத் தீவுகளில் பத்து மீற்றர் உயரமான ஒரு மேடுகூடக் கிடையாது.

இது ஏன் என்று கேட்டால் பலர் உடனே, ‘அது குட்டித் தீவு, அலைக்குத் தெரிந்திருக்காது’ என்பார்கள். வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு இந்தோனேசியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கொக்கோஸ் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான ஆள்புலம். 27 பவளத் தீவுகள், எல்லாம் சேர்த்து 14 சதுர கிலோமீற்றர் நிலம். இரண்டில் மட்டும்தான் ஆட்கள் இருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் 600 பேருக்குச் சற்றுக் குறைவு, அதில் பெரும்பாலோர் மலாய் பேசும் முஸ்லிம்கள். 1984இல் ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் அவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. தனிநாடா, தளர்வான கூட்டா, முழு இணைப்பா என்று கேட்டார்கள். 229 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள், தனிநாடு கேட்டவர்கள் 9 பேர். நமக்கும் அந்தத் தீவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே காவலுக்கு நின்றது இலங்கைப் பீரங்கிப் படை. 1942 மே மாதம் அவர்களில் ஒரு பகுதியினர் கலகம் செய்தார்கள், மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். நம் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வது குறைவு.

இந்தோனேசியா இதற்கு நேர் எதிர். 17,000க்கு மேற்பட்ட தீவுகள், ஏறக்குறைய 19 இலட்சம் சதுர கிலோமீற்றர் நிலம், 2020 கணக்கெடுப்பில் 27 கோடி மக்கள். ஆனால் அளவைவிட முக்கியமான வித்தியாசம் கடலுக்கு அடியில் இருக்கிறது.

கொக்கோஸ் இருப்பது புவித்தட்டு ஒன்றின் நடுவில். எப்போதோ அடங்கிப்போன எரிமலை மெல்ல மெல்லத் தாழ, அதன் விளிம்பில் பவளம் மட்டும் மேலே மேலே வளர்ந்து வந்தது. கடைசியில் எரிமலை மறைந்தது, பவள வளையம் மிஞ்சியது. சார்ல்ஸ் டார்வின் 1836 ஏப்ரலில் இங்கே வந்து பார்த்துத்தான், பவளத் தீவுகள் எப்படி உருவாகின்றன என்ற தன் கருத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். இந்தோனேசியாவோ தட்டுகள் முட்டும் ஓரத்தில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு சுமாத்திரா, ஜாவாவுக்குக் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீற்றர் வீதம் நுழைகிறது. நுழையும் பாறை ஆழத்தில் எரிமலைகளுக்குத் தீனி போடுகிறது. அந்த நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட எரிமலைகள் இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான். மட்டக்களப்பும் கொக்கோஸைப் போலவே நுழைகிற பக்கத்தில்தான் இருக்கிறது.

நுழையும் தட்டு வழுக்கிக்கொண்டே போவதில்லை. மேல்தட்டோடு சிக்கி, அதன் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுக்கும். நூற்றாண்டுக் கணக்கில் இழுபட்ட விளிம்பு ஒருநாள் விடுபட்டு மேலே எகிறும். 2004இல் சுமாத்திராவின் வடமேற்கிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் அப்படி விடுபட்டது. ஒரே நொடியில் அல்ல, தெற்கிலிருந்து வடக்காக, எட்டுப் பத்து நிமிடங்களில். ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவு 9.1. கடற்படுக்கை உயர்ந்த இடத்தில் அதற்கு மேலிருந்த கடலும் உயர்ந்தது, பிறகு தன் மட்டத்துக்குத் திரும்பப் புறப்பட்டது. அதுதான் சுனாமி.

இங்கேதான் திசை வருகிறது. வாவியில் நிற்கும் தோணியின் ஒரு விளிம்பை அமுக்கி ஆட்டிப் பாருங்கள். தோணியின் இரு பக்கமும் அலை எழும்பி ஓடும். முன்முனைக்கு முன்னாலும் பின்முனைக்குப் பின்னாலும் தண்ணீர் சற்றே நெளியும், அவ்வளவுதான். 2004இல் ஆடிய தோணியின் நீளம் 1,200 கிலோமீற்றர், அது ஏறக்குறைய வடக்குத் தெற்காகக் கிடந்தது. அதன் மேற்குப் பக்கத்தில் இலங்கையும் தமிழ்நாடும், கிழக்குப் பக்கத்தில் தாய்லாந்து. கொக்கோஸ் அதன் தெற்கு முனைக்கு அப்பால். அலையின் வலு பெரும்பாலும் இரு பக்கமும் போய்விட்டதால், முனைப்பக்கம் வந்தது மிச்சம் மீதிதான்.

பிளவு வடக்கே நீண்டு போனதால் இன்னொன்றும் நடந்தது. பூமியதிர்ச்சியின் மையம் என்று நாம் குத்தும் புள்ளி, உடைவு தொடங்கிய இடம் மட்டுமே. உடைந்த கோட்டின் வடபகுதி நமக்கு இன்னும் கிட்ட இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நிலம் அதிர்ந்தது, ஒன்பது மணியை ஒட்டிக் கிழக்குக் கரையில் கடல் ஏறிவிட்டது. முழு 1,650 கிலோமீற்றரையும் கடந்து வரவேண்டி இருந்திருந்தால் இன்னும் சற்று நேரம் கிடைத்திருக்கும்.

வேகத்தைக் கணக்கிடுவது கடினமில்லை. சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தை மட்டும் பொறுத்தது. ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 4,000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 198 மீற்றர், அதாவது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். 16 மீற்றர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 45 கிலோமீற்றர். முன்னால் போகும் தண்ணீர் வேகம் குறைந்து நிற்க, பின்னால் வருவது அதன்மேல் வந்து சேர, அலை நீளத்தில் சுருங்கி உயரத்தில் வளரும். ஆழம் 16 மடங்கு குறைந்தால் உயரம் இரண்டு மடங்கு ஆகும். அன்று இரண்டு மணி நேரம் கழித்து மேலே பறந்த ஜேசன் என்ற செய்மதி, நடுக்கடலில் அளந்த அலை உயரம் ஏறக்குறைய 60 சென்டிமீற்றர்தான். ஆழ்கடலில் வலை போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அதே 60 சென்டிமீற்றர், 4,000 மீற்றர் ஆழத்திலிருந்து 16 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது நான்கு மடங்காகி, ஆளை மூழ்கடிக்கும் 2.4 மீற்றராகும். கரையில் மோதி ஏறும்போது இன்னும் கூடும்.

சரி, கொக்கோஸில் ஏன் இந்தப் பெருக்கம் நடக்கவில்லை? அங்கே ஏறிவரச் சரிவே இல்லை. ஆழ்கடலின் அடியிலிருந்து செங்குத்தாக எழும் மலையின் உச்சிதான் அந்தத் தீவுக்கூட்டம். அதில் பெரிய பவள வளையமான தெற்கு வளையத்தின் அகலம் பத்துப் பதினைந்து கிலோமீற்றர். நடுக்கடலில் சுனாமியின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு இருக்கும் தூரமோ நூறு கிலோமீற்றர்களில். அவ்வளவு நீண்ட அலை, இவ்வளவு ஒல்லியான தடையைச் சுற்றி அப்படியே கடந்துவிடும். ‘அலைக்குத் தெரிந்திருக்காது’ என்ற பேச்சில் உண்மையான பாதி இதுதான். மாலைதீவைப் பார்த்தால் இது விளங்கும். அது அலை போன மேற்குத் திசையிலேயே இருக்கிறது, உயரமோ ஒன்றுமே இல்லை. தீவுகள் பல நனைந்தன, வீடுகள் போயின, ஆனால் உயிரிழப்பு நூறை ஒட்டி நின்றுவிட்டது. எழுவான்கரையோடு ஒப்பிட்டால் அது அதிசயம் போலத் தோன்றும்.

ஆச்சே மாகாணத்தில் அலை சில இடங்களில் முப்பது மீற்றர் வரை ஏறியது. இந்தோனேசியாவில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1,60,000க்கு மேல். ஆனால் உடைவு தொடங்கிய இடத்துக்கு மிகக் கிட்ட இருந்த சிமெலுவே தீவில் இறந்தவர்கள் 7 பேர். அந்தத் தீவில் 1907இல் ஒரு சுனாமி வந்திருந்தது. அதற்கு அவர்கள் ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, மலையில் ஏறு. அவ்வளவுதான் பாடம். எந்த அரச திணைக்களமும் அன்று இவ்வளவு திறமாக வேலை செய்யவில்லை.

இந்தப் பாடத்தை அப்படியே எழுவான்கரைக்குக் கொண்டுவந்தால் பயன்படாது என்பதுதான் நமக்குள்ள சிக்கல். சுமாத்திராவில் நிலம் ஆடினால் கல்முனையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் ஏற மலை எங்கே? கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் மணல். உடலமைப்பில் நாம் இந்தோனேசியாவைப் போல இல்லை, கொக்கோஸைப் போல இருக்கிறோம்.

கிணற்றை எட்டிப் பார்த்தால் இந்த ஒற்றுமை இன்னும் துலக்கமாகத் தெரியும். காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் தோண்டினாலும் நல்ல தண்ணீர் வருகிறது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உவர்நீரோடு உடனே கலப்பதில்லை. உப்புத் தண்ணீர் நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது என்பதால் நல்ல நீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நல்ல நீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் இருக்கும் என்பது கணக்கு. நடைமுறையில் கலப்பு இருப்பதால் குறையும். கொக்கோஸ் மக்களும் இதே மாதிரி மிதக்கும் நீரைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஆழக் கிணறு போடாமல், கிடையாகக் குழாய்களைப் புதைத்து மேலாக வழித்தெடுக்கிறார்கள். மோட்டரைப் போட்டு ஒரே இடத்தில் உறிஞ்சினால், மேலே ஒரு மீற்றர் குறைய, கீழே உவர் பல மீற்றர் எழும்பி வரும். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலர் கிணற்றை இறைத்து இறைத்துச் சுத்தப்படுத்தப் பார்த்தார்கள், உப்புக் குறையவில்லை. மாரி மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது. மலையும் ஆறும் உள்ள பெரிய தீவுகளுக்கு இந்தக் கவலை குறைவு என்று நினைக்கலாம். ஆனால் ஜகார்த்தா நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தே தாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஆக, செய்தி வந்தால்தான் நமக்கும் கொக்கோஸுக்கும் வழி. இந்தியப் பெருங்கடலுக்கான எச்சரிக்கை ஏற்பாடு 2011இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எச்சரிக்கை கொடுக்கும் பொறுப்பு இந்தியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும். 600 பேர் உள்ள தீவுக்காகத் தனியாக ஒரு நிலையம் யாரும் கட்டமாட்டார்கள், அதற்கு அவுஸ்திரேலிய அரசின் பாதுகாப்பு இருக்கிறது. இந்தோனேசியாவிடம் தன் சொந்த நிலையம் இருந்தும் பலவேளை பயனில்லை. 2018இல் பாலு நகரில் பூமியதிர்ச்சி நடந்து சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. வாசலில் பிறக்கும் அலைக்கு எச்சரிக்கை மணி பிந்தித்தான் அடிக்கும். நமக்கும் கொக்கோஸுக்குமோ, அலை பிறக்கும் இடம்வரை கடல் நிறையக் கிடப்பதால் ஒன்றரை மணி நேரமாவது கையில் இருக்கும்.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, கிழக்குக் கரையோர மக்கள் கடலை விட்டு உள்ளே நகர்ந்தார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. ‘சும்மா ஓட வைத்துவிட்டார்கள்’ என்று அப்புறம் பேச்சும் கேட்டது. அன்று உடைந்தது தட்டின் ஓரம் அல்ல, நுழைகிற தட்டின் உள்ளேயே ஓர் இடம். பாறைகள் மேலே எகிறாமல் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, அதனால் தண்ணீர் பெரிதாக உயர்த்தப்படவில்லை. ஆனால் அதிர்வுமானிகள் முதல் சில நிமிடங்களில் சொல்லக்கூடியது எங்கே, எவ்வளவு பெரிது என்பதை மட்டும்தான். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்கிட இன்னும் நேரம் வேண்டும். அலை உண்மையில் கிளம்பியதா என்று உறுதியாகச் சொல்ல, ஆழ்கடல் மானி ஒன்றையோ கிட்ட உள்ள ஒரு தீவின் அலைமானியையோ அது தொடும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அலை நம் பக்கம் பாதி வழி வந்திருக்கும். அதனால் ‘ஓடு’ என்ற செய்தி எப்போதும் முந்தி வரும், ‘திரும்பி வா’ என்பது பிந்தி வரும்.