கடுகு சொன்ன நிறம்

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் வார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளுக்குள் கரண்டியால் வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் குழைத்த கலவையை அப்புவார்கள். தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி கழன்று வரும். அதன் வழுவழுப்பைக் கல் அப்படியே வாங்கியிருக்கும். கல்லின் முகத்தில் படுவது எவ்வளவு நைசோ, பூ அவ்வளவு துல்லியம்.

1996-ல் சீனாவின் லியாவோனிங்கில் ஒரு விவசாயி எடுத்த பாறையிலும் நடந்தது ஏறக்குறைய இதுதான். உள்ளே இருந்தது சினோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசர். கோழி அளவு உடம்பு, மிக நீண்ட வால், முதுகு நெடுகப் பஞ்சு போன்ற இழைகள். பறவையல்லாத டைனோசர் ஒன்றின் மேல் இறகின் தொடக்க வடிவத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரிகளும் எரிமலைகளும் இருந்தன. செத்த உடல் ஏரியின் அடியில் போய்த் தங்கும். அங்கே ஆக்சிஜன் குறைவு, கிளறித் தின்னப் புழு பூச்சி வராது. மாவாய்ச் சலித்தது போன்ற சாம்பலும் சேறும் படலம் படலமாக மூடிவிடும். அதுவே மணல் பாயும் ஆறாக இருந்திருந்தால் எலும்புதான் மிஞ்சியிருக்கும்.

சரி, அதன் நிறம் எப்படித் தெரியும்? கொல்லையில் மேயும் நாட்டுக்கோழியின் இறகுக்குள் மெலனோசோம் என்ற நிறமிப் பொதிகள் இருக்கின்றன. கருப்புக்கு உரியவை சீரகம் போல நீளம், செம்பழுப்புக்கு உரியவை கடுகு போல உருண்டை. அளவு மட்டும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. புதைபடிவங்களில் இவற்றைப் பார்த்தவர்கள் வெகுநாள் பாக்டீரியா என்றே நினைத்தார்கள். 2008-ல் பிரேசிலின் வரியிறகுப் படிவம் ஒன்றை ஆராய்ந்தபோது, கருப்பு வரிகளில் மட்டுமே இவை இருந்தன. வெளிர் வரிகளில் இல்லை. பாக்டீரியா நிறம் பார்த்தா உட்காரும்?

எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். பெரிய கருவியைவிடக் கூர்ந்த ஒரு கேள்விதான் இங்கே வேலை செய்திருக்கிறது.

அப்புறம் 2010-ல் சினோசாரோப்டெரிக்ஸின் வாலை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தார்கள். அடர்ந்த பட்டைகளில் தெரிந்தவை கடுகுகள். செம்பழுப்புப் பட்டை, நடுவே வெளிர் பட்டை, மறுபடி செம்பழுப்பு என்று வால் நுனி வரை மாறி மாறிப் போகிறது.