கவட்டில் தங்கும் ஈரம்

தொடை இடுக்கில் அரிப்பு வந்தால் சோப்பை மாற்றுகிறோம், பவுடரைக் கொட்டுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது ஜட்டியை. அது என்ன நூல், எவ்வளவு இறுக்கம், எங்கே காய்ந்தது?

அங்கே தோலோடு தோல் ஒட்டியிருக்கும், காற்று புகாது. வேர்வை வெளியேறாமல் நின்றால், நெடுநேரம் தண்ணீரில் இருந்த விரல் நுனிபோல் தோல் ஊறி வெளுத்துவிடும். ஊறிய தோல் லேசாக உரசினாலே புண்ணாகும். பூஞ்சைக்கும் அது வசதி.

உலர்ந்த பருத்தி 100 கிராம், சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நைலான் சுமார் 4 கிராம். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. அன்றாடம் உடுத்தப் பருத்தியைச் சொல்வது இதனால்தான். ஆனால் பருத்திக்கு ஒரு குறை உண்டு: முழுக்க நனைந்தால் லேசில் காயாது. ஓடியோ உடற்பயிற்சி செய்தோ வேர்த்தபின் அதே ஜட்டியோடு உட்கார்ந்திருந்தால் பருத்தியும் காப்பாற்றாது. உடனே மாற்றிவிட வேண்டும்.

பெண்களுக்கான ஜட்டியை வாங்கும்போது கவட்டுப் பகுதியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். உள்ளே பருத்தி, வெளியே நைலான் என்று இரண்டடுக்காகத் தைத்திருந்தால், பருத்தி இழுத்த ஈரத்தை வெளியடுக்கு மறித்துக்கொள்ளும். இரண்டு அடுக்குமே பருத்தியாக இருப்பது நல்லது. ஜட்டிக்குள் ஒட்டும் மெல்லிய பட்டையான பேன்டி லைனரை, அடியில் பிளாஸ்டிக் தாள் உள்ளதாக இருந்தால், நாள் முழுக்க வைத்தாலும் இதே கதைதான். பிறப்புறுப்பின் உட்பகுதியை லாக்டோபேசிலஸ் பாக்டீரியாக்கள் 3.8 முதல் 4.5 வரையான பிஎச் அளவில், அமிலமாக வைத்துக் காக்கின்றன. அங்கே சோப்பு வேண்டாம். துணியின் பாதிப்பு பெரும்பாலும் வெளித்தோலில்தான்.

கழற்றிய பிறகும் எலாஸ்டிக் தடம் நெடுநேரம் மறையாவிட்டால் அளவு சிறியது. அந்தக் கோட்டில்தான் தோல் முதலில் உரசிக் கறுக்கும். இறுக்கத்தைத் தவிர்க்க ஆண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விந்தணு உற்பத்திக்கு விரைகள் உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். இறுக்கமான ஜட்டி அவற்றை உடலோடு சேர்த்து அழுத்திவிடும். 656 ஆண்களிடம் நடத்தி 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தளர்வான பாக்ஸர் அணிந்தவர்களின் விந்தணு அடர்த்தி மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. இறுக்கமாக அணிந்தால் குழந்தை பிறக்காது என்று இதற்குப் பொருளல்ல.

நம் வீடுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது காயப்போடும் விதம். கொடியில் புடவைக்கு அடியில், துண்டுக்குப் பின்னால் ஒளித்துப் பெண்களின் உள்ளாடை காய்கிறது. மழைக்காலத்தில் எலாஸ்டிக் மடிப்பு மறுநாளும் சில்லென்றிருக்கும், அதையே எடுத்து உடுத்துவார்கள். வெயிலில், காற்றில், வெளிப்படையாகப் போடுங்கள். வெயில் இல்லாத நாளில் எலாஸ்டிக்கைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் காயவில்லை. சோப்புத்தூளின் மிச்சமும் தோலை எரிக்கும், ஆகவே நுரை வராமல் போகும்வரை அலசுங்கள். துணி மென்மையாக அலசும் நீரில் ஊற்றும் வாசனைத் திரவம் வேண்டாம்; அது நூலின் மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும்.

பூஞ்சையால் வட்டமாகப் பரவும் படர்தாமரை வந்திருந்தால் உள்ளாடைகளைத் தனியாக, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்க வேண்டும். துண்டையும் பகிரக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும், பூஞ்சையோ உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். வட்டம் விரிந்துகொண்டே போனால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.